இரைப்பைக் கிருமியும் புற்றுநோயும்

புணேயிலிருந்து நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள சாகண், வெங்காயச் சந்தைக்கும் பழைய கோட்டைக்கும் பெயர் பெற்ற ஊர். அண்மைப் பத்தாண்டுகளில் அது மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் நிறைந்த தொழில் மையமாகவும் வளர்ந்துள்ளது. சுற்றுவட்டாரக் கிராமங்களைச் சேர்ந்தோருடன், நாட்டின் பல மாநிலங்களிலிருந்து வந்தோரும் அங்கு ஒரே கூரையின் கீழ் வேலை செய்கின்றனர். அவர்கள் உண்ணும் உணவும் பேசும் மொழியும் வேறு வேறு. ஆயினும், அவர்களுள் பெரும்பாலோருக்குப் பொதுவான ஒன்று உண்டு. அவர்களது இரைப்பையில், குழந்தைப் பருவத்திலேயே குடியேறிவிட்ட ஒரு நுண்கிருமி வாழ்கிறது. ‘ஹெலிகோபாக்டர் பைலோரை’ என்பது அதன் பெயர்.

உலக மக்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இக்கிருமி உள்ளது. இந்தியாவில் வயது வந்தோருள் பாதிக்கு மேற்பட்டோரிடம் இது காணப்படுவதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன. இரைப்பையின் கீழ்ப் பெரும்பகுதியில் தோன்றும் புற்றுநோய்க்கு உலகெங்கும் முதன்மைக் காரணமாக இருப்பதும் இதுவே. 2022ஆம் ஆண்டில் உலகில் 9 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இரைப்பைப் புற்றுநோய் புதிதாக ஏற்பட்டது. ஏறத்தாழ 6 இலட்சத்து 60 ஆயிரம் பேர் அதனால் உயிரிழந்தனர். இந்தியாவில் அவ்வாண்டில் புதிதாக நோயுற்றோர் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் என மதிப்பிடப்பட்டுள்ளது.

கிருமி பெரும்பாலோரிடம் இருக்கிறது. புற்றுநோயோ மிகச் சிலருக்கே வருகிறது. இவ்விரு உண்மைகளையும் இணைத்துப் பார்த்தால்தான், இந்நோயைத் தடுப்பதற்கு நம் நாட்டில் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பது விளங்கும்.

அமிலத்தில் வாழும் கிருமி

இரைப்பையில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம், உணவுடன் உட்செல்லும் கிருமிகளுள் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும் வலிமை உடையது. அதனால், இரைப்பையில் எந்தக் கிருமியும் நிலைத்து வாழ இயலாது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதி வந்தது. வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் அமில மிகுதி, மனக் கவலை, காரமான உணவு என்று பாட நூல்கள் கூறின. அமிலச் சுரப்பைத் தூண்டும் நரம்பை அறுவை மருத்துவத்தால் துண்டிப்பது ஒரு சிகிச்சை முறையாகவே இருந்தது.

ஹெலிகோபாக்டர் இந்த அமிலத்தை வெல்லும் வழியைக் கொண்டுள்ளது. அது ‘யூரியேஸ்’ என்னும் நொதியைப் பெருமளவில் உண்டாக்குகிறது. இரைப்பையில் இயற்கையாக உள்ள யூரியாவை இந்நொதி சிதைத்து அம்மோனியாவாக மாற்றுகிறது. அம்மோனியா காரத்தன்மை உடையதாகையால், கிருமியைச் சுற்றியுள்ள அமிலத்தின் வேகம் தணிகிறது. சுருள் வடிவ உடலும் வால் போன்ற இழைகளும் கொண்ட அக்கிருமி, இரைப்பையின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள சளிப்படலத்தைத் துளைத்துச் சென்று, அமிலம் எட்டாத அடிப்பகுதியில் தங்கிவிடுகிறது. தக்க சிகிச்சை அளிக்கப்படாவிடின் பொதுவாக அது ஆயுள் முழுவதும் அங்கேயே இருக்கும்.

தொற்று பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், குடும்பத்தினரிடமிருந்தே ஏற்படுகிறது. நெருக்கமான குடியிருப்பு, தூய்மையற்ற குடிநீர், கழிப்பிட வசதியின்மை ஆகியன அதற்குத் துணைபோகின்றன. வாழ்க்கைத் தரம் உயர்ந்த நாடுகளில் ஒவ்வொரு தலைமுறையிலும் இத்தொற்று குறைந்து வந்துள்ளது. எனவே, இது மருத்துவரை மட்டுமே சார்ந்த பிரச்சினையன்று. வீட்டுவசதி, குடிநீர் வழங்கல், நகரத் துப்புரவு ஆகியவற்றையும் சார்ந்ததாகும்.

சான்றுகள் திரண்ட வரலாறு

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உள்ள ராயல் பெர்த் மருத்துவமனையில் நோயியல் வல்லுநராகப் பணியாற்றியவர் ராபின் வாரன். அவர் 1979இல், அழற்சியுற்ற இரைப்பைத் திசுக்களில் வளைந்த வடிவமுடைய கிருமிகளைக் கண்டார். 1981இல் பாரி மார்ஷல் என்னும் இளம் மருத்துவர் அவருடன் சேர்ந்தார். திசுக்களிலிருந்து கிருமியைத் தனியே வளர்க்க அவர்கள் மேற்கொண்ட முயற்சிகள் தொடக்கத்தில் பயனளிக்கவில்லை. அக்கால வழக்கப்படி, இரண்டு நாட்களில் எதுவும் வளராத தட்டுகள் அகற்றப்பட்டு வந்தன. 1982ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையின்போது தட்டுகள் ஐந்து நாட்கள் அப்படியே விடப்பட்டன. அவற்றில் கிருமி வளர்ந்திருந்தது. மெதுவாக வளரும் இயல்புடைய அதற்கு இரண்டு நாட்கள் போதவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

இருப்பினும் அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. 1984இல் மார்ஷல் அக்கிருமிகள் கலந்த நீர்மத்தைத் தாமே பருகினார். சில நாட்களில் அவருக்குக் குமட்டலும் வாந்தியும் தோன்றின; பின்னர் செய்யப்பட்ட உள்நோக்கிப் பரிசோதனையில் இரைப்பை அழற்சி உறுதியாயிற்று. இக்கண்டுபிடிப்புக்காக வாரன், மார்ஷல் இருவருக்கும் 2005இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அழற்சிக்கும் புண்ணுக்கும் கிருமி காரணம் என்பது ஒருவாறு நிறுவப்பட்ட பின்னரும், புற்றுநோய்க்கு அது காரணம் என்று காட்டுவது எளிதாக இல்லை. இரைப்பை மிகவும் சிதைந்து அமிலச் சுரப்பு அற்றுப்போன நிலையில், கிருமியும் வாழ இடமின்றி மறைந்துவிடுவதுண்டு. ஆகவே, புற்றுநோய் முற்றிய பிறகு தேடினால் கிருமி அகப்படாமலே போகலாம். இச்சிக்கலைத் தீர்க்க ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டனர். பல ஆண்டுகளுக்கு முன்பே நலமாக இருந்தோரிடமிருந்து எடுத்துச் சேமித்து வைக்கப்பட்ட இரத்த மாதிரிகளை அவர்கள் ஆராய்ந்தனர். கலிபோர்னியா, ஹவாய், பிரிட்டன் ஆகிய இடங்களில் நடைபெற்ற இத்தகைய மூன்று ஆய்வுகள் 1991இல் வெளியாயின. பிற்காலத்தில் இரைப்பைப் புற்றுநோய்க்கு ஆளானோரின் பழைய இரத்தத்தில் இக்கிருமிக்கு எதிரான பொருள்கள் மிகுதியாகக் காணப்பட்டன. கிருமி உடையோருக்கு ஆபத்து ஏறத்தாழ மூன்று முதல் ஆறு மடங்கு அதிகம் எனத் தெரிந்தது. 1994இல், உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, ஹெலிகோபாக்டர் பைலோரையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் காரணிகளின் முதல் வகையில் சேர்த்தது.

அழற்சியிலிருந்து புற்றுநோய் வரை

கிருமி நுழைந்த உடனே புற்றுநோய் தோன்றிவிடுவதில்லை. இடையில் பல படிகள் உள்ளன. முதலில் உண்டாவது நாட்பட்ட அழற்சி. அது நீடித்தால் அமிலம் சுரக்கும் சுரப்பிகள் தேய்ந்து அழிகின்றன. பின்னர் இரைப்பையின் உட்சுவர், குடலின் உட்சுவரைப் போன்று மாறுகிறது. அதையடுத்து உயிரணுக்களின் அமைப்பு ஒழுங்கு குலைகிறது. முடிவில் புற்றுநோய் உருவாகிறது. கொலம்பியாவைச் சேர்ந்த பெலாயோ கொரியா என்னும் அறிஞர் இப்படிவரிசையை 1975இலேயே, அதாவது கிருமி கண்டறியப்படுவதற்கு முன்பே, விளக்கினார். இவ்வழியைக் கடக்கப் பொதுவாகப் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

இக்கிருமியின் எல்லா வகைகளும் ஒரே அளவு தீமை செய்வன அல்ல. சில வகைகளிடம் ‘காக்-ஏ’ என்னும் புரதம் உண்டு. ஊசியால் மருந்து செலுத்துவதுபோல் கிருமி அதனை இரைப்பையின் உயிரணுக்களுக்குள் செலுத்துகிறது. அதன் விளைவாக உயிரணுக்களுக்கு இடையேயுள்ள பிணைப்புத் தளர்ந்து, அவற்றின் வளர்ச்சிக் கட்டுப்பாடு குலைகிறது. மற்றொரு புறம், கிருமியை எதிர்க்க வந்து குவியும் வெள்ளணுக்கள் வெளியிடும் வேதிப்பொருள்கள், நம் சொந்த உயிரணுக்களின் மரபுப் பொருளையே சேதப்படுத்துகின்றன. அமிலம் குறைந்த பின்னர் வேறு கிருமிகளும் பெருகி, உணவில் உள்ள நைட்ரேட்டைத் தீங்கு தரும் சேர்மங்களாக மாற்றுகின்றன. உப்பு மிகுந்த உணவு உட்சுவரை அரித்து இக்கேட்டினை விரைவுபடுத்துகிறது. புகையிலையும் ஆபத்தைக் கூட்டுகிறது.

கிருமி உடையோருள் வாழ்நாளில் புற்றுநோய்க்கு ஆளாவோர் 100க்கு 1 முதல் 3 பேர் மட்டுமே. ஆகவே, கிருமி விதை எனில், அது விழும் நிலமும் பெறும் நீரும் விளைவைத் தீர்மானிக்கின்றன எனலாம்.

இந்தியப் புதிர்

ஜப்பான், மங்கோலியா முதலிய நாடுகளில் ஆண்டொன்றுக்கு இலட்சம் பேரில் 25க்கும் மேற்பட்டோர் இரைப்பைப் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். இந்தியாவில் இவ்வீதம் ஏறத்தாழ 5க்குள் அடங்கும். தொற்று மிகுதியாகவும் புற்றுநோய் குறைவாகவும் உள்ள இந்நிலையை அறிஞர்கள் ‘இந்தியப் புதிர்’ என்று குறிப்பிட்டனர்.

ஆனால் நாடு முழுவதற்கும் ஒரே சராசரியைக் கொண்டு முடிவு செய்தல் தவறு என்பதைப் புற்றுநோய்ப் பதிவேடுகள் காட்டியுள்ளன. இந்தியாவில் மக்கள்தொகை அடிப்படையிலான பதிவேடு 1963இல் பம்பாயில் தொடங்கப்பட்டது. பின்னர் புணே போன்ற நகரங்களுக்கும் அது விரிந்தது. சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பொறுப்பில் 1981இல் பதிவேடு அமைந்தது. மகாராஷ்டிரத்தின் பார்ஷியில், கிராம மக்களுக்கென 1987இல் தனிப் பதிவேடு தொடங்கப்பட்டது. இவற்றை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். புணே, பார்ஷி ஆகிய இடங்களில் இரைப்பைப் புற்றுநோய் குறைவு. சென்னையிலோ, பதிவேடு தொடங்கிய காலம் முதல் நெடுநாள் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் அதுவே முதலிடம் வகித்தது. பின்னர் அதன் வீதம் படிப்படியாகக் குறைந்தது. நாட்டிலேயே மிக உயர்ந்த வீதம் மிசோரமின் தலைநகரான ஐசாலில் பதிவாகிறது. காஷ்மீரிலும் இந்நோய் மிகுதி.

கிருமி எங்கும் உண்டு. வேறுபடுபவை உணவும் பழக்கமும் ஆகும். மிசோரமில் புகையூட்டிய இறைச்சியும், ‘சாவும்’ எனப்படும் புளிக்கவைத்த பன்றிக் கொழுப்பும், புகையிலைப் புகையை நீரில் செலுத்தித் தயாரிக்கும் ‘துய்பூர்’ என்னும் திரவமும் வழக்கத்தில் உள்ளன. காஷ்மீரில் உப்புத் தேநீரும் வெயிலில் உலர்த்திய காய்கறிகளும் புகையூட்டிய மீனும் நெடுங்கால வழக்கம். இவற்றுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர்கள் சுட்டியுள்ளனர். குளிர்ப்பதனப் பெட்டி பரவாத காலத்தில் உணவைக் காக்க உப்பும் புகையுமே கைகொடுத்தன என்பதை மறத்தலாகாது. பல நாடுகளில் இந்நோய் குறைந்ததற்குக் குளிர்ப்பதன வசதியும் ஆண்டு முழுவதும் கிடைக்கும் புதிய காய்கனிகளும் ஒரு காரணமாகக் கருதப்படுகின்றன.

கிருமியின் வகையும் கவனிக்கத்தக்கது. இந்தியாவில் காணப்படும் காக்-ஏ புரதம் பெரும்பாலும் மேலைநாட்டு வகையைச் சேர்ந்தது. ஜப்பான், கொரியா போன்ற கிழக்காசிய நாடுகளின் வகை அதனினும் கடுமையானது. அழற்சி இரைப்பையின் எப்பகுதியில் நிலைகொள்கிறது என்பதும் முக்கியம். கீழ்ப்பகுதியில் மட்டும் அழற்சி இருப்பின் அமிலச் சுரப்பு மிகுந்து, முன்சிறுகுடலில் புண் தோன்றும். அத்தகையோருக்குப் புற்றுநோய் ஆபத்துக் குறைவு. அழற்சி நடுப்பகுதிக்கும் பரவினால் அமிலம் குறைந்து, புற்றுநோய் ஆபத்து மிகும். தென்னிந்தியாவில் முன்சிறுகுடற் புண் ஒரு காலத்தில் மிகப் பரவலாக இருந்தது. அதே தென்னிந்தியாவின் சென்னையில் புற்றுநோயும் மிகுதியாக இருந்ததால், இந்த ஒரு விளக்கம் மட்டும் போதாது என்பதும் தெளிவு.

கிருமியை அகற்றினால் நோய் குறையுமா?

இக்கேள்விக்கு நடைமுறை விடைகள் கிடைத்துள்ளன. ஜப்பானில் 1,526 நோயாளிகளைச் சராசரியாக 7.8 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2001இல் வெளியாயிற்று. கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்குப் புற்றுநோய் தோன்றியது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சீனாவின் ஷான்டோங் மாநிலத்தைச் சேர்ந்த லின்சூ வட்டத்தில் 1995இல் இரண்டு வாரச் சிகிச்சை பெற்றோரிடையே, ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோய் 39 விழுக்காடு குறைந்திருந்தது. தைவானைச் சேர்ந்த மாட்சு தீவுகளில் 2004 முதல் மக்கள் அனைவரையும் சோதித்துச் சிகிச்சை அளித்ததில், நோய் வீதம் பாதியளவுக்குக் குறைந்தது. ஜப்பான் அரசு 2013இல், இரைப்பை அழற்சி உடைய எல்லோருக்கும் கிருமி நீக்கச் சிகிச்சையைக் காப்பீட்டின் கீழ்க் கொண்டுவந்தது.

பயனின் அளவை மிகைப்படுத்துதலும் கூடாது. லின்சூவில் 980 கிராமங்களைச் சேர்ந்த 1 இலட்சத்து 80 ஆயிரம் பேரிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான பேராய்வில், குறைவு 14 விழுக்காடு அளவிலேயே இருந்தது. உட்சுவர் ஏற்கெனவே மாற்றமடைந்த பிறகு கிருமியை அகற்றினால் பயன் குறைவு. தொடக்க நிலையில் அகற்றினால் பயன் மிகுதி.

நோய் குறைவாகவும் தொற்று மிகுதியாகவும் உள்ள நம் நாட்டில், கோடிக்கணக்கானோருக்கு எதிருயிரி மருந்துகளைப் பொதுவாக வழங்குதல் அறிவுடைமை ஆகாது. இந்தியாவில் இக்கிருமி மெட்ரோனிடசோல் என்னும் மருந்துக்குப் பெரிதும் பணிவதில்லை. கிளாரித்ரோமைசினுக்கும் எதிர்ப்பு வளர்ந்துள்ளது. தேவையற்றோருக்கு மருந்தளித்தால் இக்கிருமி மட்டுமன்றிப் பிற நோய்க் கிருமிகளும் மருந்துகளை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். எனவே, யாரைச் சோதிப்பது என்று தேர்ந்தெடுப்பதே நமக்கு உகந்த வழி. இரைப்பை அல்லது முன்சிறுகுடற் புண் உடையோர், பெற்றோரோ உடன்பிறந்தோரோ இரைப்பைப் புற்றுநோய்க்கு ஆளானோர், உட்சுவரில் மாற்றம் கண்டறியப்பட்டோர் ஆகியோருக்கு முன்னுரிமை தரவேண்டும். கொரியாவில், நோயாளிகளின் நெருங்கிய உறவினரிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வில், சிகிச்சை பெற்றோருள் 1.2 விழுக்காட்டினருக்கும், பெறாதோருள் 2.7 விழுக்காட்டினருக்கும் புற்றுநோய் தோன்றியது.

சோதனையும் மருந்தும்

கிருமியைக் கண்டறிய உள்நோக்கிக் குழாய் எப்போதும் தேவையில்லை. அடையாளமிட்ட யூரியாவை அருந்தச் செய்து, மூச்சுக் காற்றில் வெளிப்படும் கரியமில வாயுவை அளக்கும் மூச்சுச் சோதனை உண்டு. கிருமியின் யூரியேஸ் நொதியே இங்கு அதனைக் காட்டிக்கொடுக்கிறது. மலச் சோதனையும் நம்பத்தக்கது. இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை, தற்போதைய தொற்றையும் கடந்துபோன தொற்றையும் வேறுபடுத்தாது. மூச்சு, மலச் சோதனைகளுக்கு முன், அமிலச் சுரப்பைத் தடுக்கும் மாத்திரைகளை இரண்டு வாரங்களும் எதிருயிரி மருந்துகளை நான்கு வாரங்களும் மருத்துவரின் ஆலோசனைப்படி நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையேல் கிருமி இருந்தும் இல்லையென முடிவு வரக்கூடும்.

சிகிச்சை பொதுவாக 14 நாட்கள் நீடிக்கும். அமிலத்தைக் குறைக்கும் மருந்துடன் இரண்டு எதிருயிரி மருந்துகளும், பல வேளைகளில் பிஸ்மத்தும் சேர்த்துத் தரப்படும். வலி நின்றதும் பாதியில் மருந்தை விடுவதே தோல்விக்கும் மருந்தெதிர்ப்புக்கும் ஒரு பெருங்காரணம். மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரங்களுக்குப் பின் மீண்டும் சோதித்து, கிருமி நீங்கியதை உறுதிசெய்தல் வேண்டும்.

இதனினும் முக்கியமானது ஒன்று. நெஞ்செரிச்சல், வயிற்று உப்புசம் என்று கடையில் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வழக்கம் நாடெங்கும் உள்ளது. அம்மாத்திரைகள் தொடக்க நிலைப் புற்றுநோயின் துன்பத்தையும் தற்காலிகமாகத் தணிக்கக்கூடும். அதனால் நோய் மறைந்து வளர்கிறது. காரணமின்றி உடல் மெலிதல், கருநிற மலம், இரத்தசோகை, விழுங்குவதில் தடை, தொடர்ந்த வாந்தி ஆகியவற்றுள் எது தோன்றினும், நடுவயதுக்குப் பின் புதிதாக வயிற்றுத் தொல்லை தொடங்கினும், தாமதமின்றி உள்நோக்கிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் இந்நோயாளிகளுள் பெரும்பாலோர் நோய் முற்றிய நிலையிலேயே மருத்துவமனைக்கு வருகின்றனர் என்பதே இந்நோயின் கொடுமைக்குத் தலையாய காரணம்.

செய்ய வேண்டுவன

தொற்றாநோய்களுக்கான தேசியத் திட்டம் 2010இல் தொடங்கப்பட்டது. அதன்கீழ் வாய், மார்பு, கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கே மக்களிடையே முன்னறி சோதனை அமைந்தது. நாடு முழுவதும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் அதனை விரிப்பது இன்றைய நிலையில் தேவையன்று. ஆனால், நோய் வீதம் மிக உயர்ந்த மிசோரம் போன்ற பகுதிகளில் சோதனையும் சிகிச்சையும் இணைந்த முன்னோடித் திட்டத்தை ஆராய்வது பொருத்தமாகும்.

சாகண் போன்ற தொழில் நகர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். வேலை தேடி வருவோர் ஓர் அறையில் பலராகத் தங்கி, கிடைத்த நீரையும் உணவையும் கொண்டு வாழ நேர்கிறது. அவர்களுடைய குழந்தைகளே அடுத்த தலைமுறையில் தொற்றைச் சுமப்பவர்கள். பல்வேறு மாநிலங்களிலிருந்து வருவோரின் நோய் ஆபத்தும் ஒரே அளவினதன்று. குறைந்த வீதமுள்ள மாவட்டத்தில் வாழ்வதாலேயே மிகுந்த வீதமுள்ள பகுதியிலிருந்து வந்தவரின் ஆபத்துக் குறைந்துவிடாது. ஆகவே, தொழிலாளர் மருந்தகங்களில் வயிற்றுத் தொல்லையுடன் வருவோரிடம் சொந்த ஊர், குடும்பத்தில் இந்நோய், புகையிலைப் பழக்கம் ஆகிய மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்வது, செலவின்றிப் பெரும்பயன் தரும் ஏற்பாடாகும். ஒப்பந்தத் தொழிலாளர்களும் இவ்வசதியிலிருந்து விடுபடலாகாது.

நீண்டகால நோக்கில் மிகச் சிறந்த தடுப்பு, தூய குடிநீரும் கழிப்பிடமும் இடநெருக்கடியற்ற வீடுமே ஆகும். 2014இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கமும், வீடுதோறும் குழாய் நீர் வழங்க 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கமும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் திட்டங்களாகவே பெரும்பாலும் எண்ணப்படுகின்றன. இன்று பிறக்கும் குழந்தை ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்குப் பின் இரைப்பைப் புற்றுநோய்க்கு ஆளாகாமல் காப்பதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. இப்பயன் எந்த ஓராண்டு அறிக்கையிலும் இடம்பெறாது. பதிவேடுகளைத் தளராது நடத்தி வந்தால், அடுத்த தலைமுறையின் கணக்கில் அது புலப்படும்.